ராத்திரி சாப்பிடாமலே காலையில் சுகர் எப்படி ஏறுகிறது?

திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து ஒரு அம்மா எழுதிய கடிதம் இது. நீளமான கடிதம், சுருக்கித் தருகிறேன்.

"டாக்டரம்மா, எனக்கு வயது 56, எடை 62 கிலோ. ஆறு வருஷமாக சுகர் இருக்கிறது. கிளிமிபிரைடு 1, மெட்பார்மின் 500 இரண்டும் சேர்ந்த மாத்திரை காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று. போன மாதம் ஹெச்பிஏ1சி, அதாவது மூன்று மாதச் சராசரி சுகரைக் காட்டுகிற பரிசோதனை, 7.4. மதியத்தில் பார்த்தால் பரவாயில்லை, காலையில் வெறும் வயிற்றில் பார்த்தால்தான் 140, 150 என்று நிற்கிறது. அதனால் ராத்திரி நாலு இட்லியை இரண்டாக்கினேன், அப்புறம் ஒரு தம்ளர் மோரோடு நிறுத்தினேன், இப்போது மூன்று வாரமாக ராத்திரி எதுவுமே சாப்பிடுவதில்லை. மாத்திரையை மட்டும் ஒரு நாளும் விட்டதில்லை. ஆனாலும் நேற்று 141, இன்று 152. நான் ராத்திரி ஒளித்து வைத்து எதையோ தின்கிறேன் என்று மகன் நினைக்கிறான், வாய்விட்டே கேட்டுவிட்டான். சில நாள் மூன்று மணி வாக்கில் உடம்பெல்லாம் வியர்த்து முழிப்பு வருகிறது, தலையணை நனைந்துவிடுகிறது, வெயில் காலம் என்று விட்டுவிட்டேன். ஸ்கேனில் ஈரலில் லேசாகக் கொழுப்பு இருப்பதாகச் சொன்னார்கள். சாப்பிடாத வயிற்றில் சர்க்கரை எங்கிருந்து வருகிறது?"

அம்மா, வெயில் காலம் என்று நீங்கள் போகிற போக்கில் எழுதிய அந்த வரியில்தான் என் கண் முதலில் நின்றது. உங்கள் கேள்விக்கு விரிவாகவே பதில் சொல்கிறேன், ஆனால் அதற்கு முன்னால் ஒன்று: இன்று ராத்திரி சாப்பிடுங்கள். மேற்கொண்டு படிக்க நேரமில்லாவிட்டாலும் இதை மட்டும் செய்துவிடுங்கள். நீங்கள் போடுகிற மாத்திரையில் இரண்டு மருந்துகள் இருக்கின்றன. அதில் கிளிமிபிரைடு என்பது, நீங்கள் சாப்பிட்டீர்களா இல்லையா என்று பார்க்காது, கணையத்தை உசுப்பி இன்சுலினைச் சுரக்க வைத்துவிடும். சாப்பாடும் போகாமல் அந்த மாத்திரை மட்டும் உள்ளே போனால் நடுராத்திரியில் சர்க்கரை தாழ்ந்துபோக வாய்ப்பு உண்டு, திடீரென்று வியர்த்து முழிப்பு வருவது அதற்கு ஒரு முக்கியமான அடையாளம். உங்கள் வயதில் மாதவிடாய் நின்ற பிறகு வருகிற வியர்வையாகவும் அது இருக்கலாம், மறுக்கவில்லை. ஆனால் அளந்து பார்க்காமல் வெயில் என்று முடிவு கட்டக்கூடாது. இதற்குத் திரும்பவும் வருகிறேன்.

இப்போது உங்கள் கேள்வி. சாப்பிடாத வயிற்றில் சர்க்கரை எங்கிருந்து வருகிறது? உங்கள் ஈரலிலிருந்து வருகிறது. நீங்கள் பொய் சொல்லவில்லை, ஒளித்து வைத்து எதையும் தின்னவும் இல்லை.

கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்போம், கணக்கு என்றதும் பயப்பட வேண்டாம். உங்கள் உடம்பில் ஓடுகிற ரத்தம் நாலு லிட்டருக்குக் கொஞ்சம் கூடுதலாக இருக்கும். சுகர் 100 என்றால் நூறு மில்லி ரத்தத்தில் 100 மில்லிகிராம் குளுக்கோஸ் என்று அர்த்தம். அப்படியானால் மொத்த ரத்தத்திலும் சேர்த்து நாலு கிராம் சொச்சம், ஒரு டீஸ்பூனைத் தலைதட்டி எடுத்தால் அவ்வளவுதான். ஆனால் மூளை மட்டுமே ஒரு நாளைக்கு 100 முதல் 120 கிராம் குளுக்கோஸைச் செலவழிக்கிறது, தூங்கும்போதும் அது ஓய்வதில்லை. மணிக்கு நாலைந்து கிராம் என்று வைத்துக்கொண்டால் ரத்தத்தில் இருக்கிற கையிருப்பு ஒரு மணி நேரத்துக்குக்கூட முழுதாகக் காணாது. ராத்திரி ஒன்பது மணிக்குச் சாப்பிட்டுவிட்டுக் காலை ஏழு மணி வரை தூங்குகிற ஒருவர் எப்படி உயிரோடு எழுந்திருக்கிறார் என்று யோசித்துப் பாருங்கள். யாரோ ஒருவர் விடிய விடிய அளந்து ஊற்றிக்கொண்டே இருந்தால்தானே முடியும்? அந்த வேலையைத்தான் ஈரல் செய்கிறது.

பழைய வீடுகளில் நெல்லைக் கொட்டி வைக்கிற குதிர் ஞாபகம் இருக்கிறதா? அறுப்பு முடிந்ததும் மேலே கொட்டுவார்கள், அப்புறம் வருஷம் முழுக்கக் கீழேயிருந்து கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துக்கொள்வார்கள். ஈரல் அப்படிப்பட்ட குதிர். நாம் சாப்பிட்ட மாவுச்சத்து குடலில் குளுக்கோஸாகி, உடம்பு முழுக்கப் போவதற்கு முன்னால் ஒரு தனி ரத்தக்குழாய் வழியாக நேரே ஈரலுக்குத்தான் போகிறது. கணையம் சுரக்கிற இன்சுலினும் அதே குழாய் வழியாகத்தான் வருகிறது. அந்த இன்சுலினின் சொல்லைக் கேட்டு ஈரல் ஒரு பங்கு குளுக்கோஸைப் பிடித்து கிளைக்கோஜன் என்ற வடிவத்தில் அடுக்கி வைத்துக்கொள்கிறது. நன்றாகச் சாப்பிட்ட ஒருவரின் ஈரலில் கிட்டத்தட்ட 100 கிராம் இருக்கும். தசைகளில் இதைப்போல மூன்று நாலு மடங்கு சேர்ந்திருக்கும், ஆனால் தசை தன் பங்கை வெளியே விடுவதில்லை, அதை வெளியே விடத் தேவையான நொதி அதனிடம் இல்லை. ஊருக்கெல்லாம் படியளப்பது ஈரல்தான், சிறுநீரகம் கொஞ்சம் கை கொடுக்கும். உங்கள் எடைக்கு மணிக்கு ஏழு கிராம் அளவில் ஈரல் வெளியே விடும், ஓர் இரவில் மொத்தம் ஐம்பது அறுபது கிராம் ஆகிவிடும். நீங்கள் ஒரு வாய்கூடச் சாப்பிடாத இரவிலும் பத்துப் பன்னிரண்டு டீஸ்பூன் சர்க்கரை உங்கள் ரத்தத்தில் வந்து இறங்கத்தான் செய்கிறது, சர்க்கரை நோய் இல்லாத உங்கள் மகனுக்கும் அப்படித்தான்.

இதைக் கண்டுபிடித்த கதையை நான் பாடம் நடத்தும்போதெல்லாம் சொல்வேன். பாரிஸில் க்ளாட் பெர்னார் என்று ஒரு உடலியல் அறிஞர். சர்க்கரையைச் செடிகொடிகள்தான் தயாரிக்கும், விலங்குகள் அதைத் தின்று செலவழிக்க மட்டுமே செய்யும் என்று எல்லோரும் நம்பிக்கொண்டிருந்த காலம் அது. அவர் வெறும் இறைச்சி மட்டுமே போட்டு வளர்த்த நாயைச் சோதித்தபோதும் ஈரலிலிருந்து வெளியேறுகிற ரத்தத்தில் சர்க்கரை இருந்தது. 1855இல் இன்னொன்று செய்தார். ஒரு ஈரலை எடுத்து அதன் ரத்தக்குழாய்க்குள் தண்ணீரை ஓடவிட்டு, இனி ஒரு துளி சர்க்கரையும் இல்லை என்கிற அளவுக்குக் கழுவி, அப்படியே வைத்துவிட்டுப் போனார். மறுநாள் வந்து பார்த்தால் அதில் மறுபடியும் சர்க்கரை. உயிர் போன பிறகு, உணவும் இல்லை, ரத்தமும் இல்லை, ஆனாலும் ஈரல் தன்னிடம் கட்டி வைத்திருந்ததைப் பிரித்துச் சர்க்கரையாக்கியிருக்கிறது. 1857இல் அந்தக் கட்டிவைத்த பொருளையே தனியாகப் பிரித்தெடுத்தார், அதுதான் கிளைக்கோஜன். ஆக, "சாப்பிடாமல் சர்க்கரை எப்படி வரும்?" என்று உங்கள் மகன் கேட்ட கேள்விக்கு பதில் கிடைத்து 170 வருஷம் ஆகப்போகிறது.

சரி, ராத்திரி சாப்பிடாவிட்டால் குதிர் சீக்கிரம் காலியாகிவிடுமே, அப்போதாவது குறைய வேண்டாமா என்று கேட்பீர்கள். இங்கேதான் நிறையப் பேர் ஏமாந்துபோகிறார்கள். கையிருப்பு குறையக் குறைய ஈரல் புதிதாகவே குளுக்கோஸ் தயாரிக்கும். தசைகளிலிருந்து வருகிற லாக்டிக் அமிலம், புரதம் கரைந்து வருகிற அமினோ அமிலங்கள், கொழுப்பு உடையும்போது கிடைக்கிற கிளிசரால், எது கிடைத்தாலும் அதை வைத்துச் செய்துவிடும். தசையில் உண்டான லாக்டிக் அமிலம் ஈரலுக்குப் போய் மறுபடி குளுக்கோஸாகித் தசைக்கே திரும்புகிற சுழற்சியைக் கண்டு சொன்னவர்கள் கார்ல் கோரி, கெர்ட்டி கோரி என்ற கணவன் மனைவி, 1947இல் நோபல் பரிசு வாங்கியவர்கள். இந்தத் தயாரிப்பு வேலை எல்லோருக்கும் நடக்கிறது. சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு அளவு மீறி நடக்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம். அதிலும் வயிறு நீண்ட நேரம் காலியாக இருந்தால் கொழுப்பு கரைந்து ரத்தத்துக்கு வரும், அந்தக் கொழுப்பு அமிலங்கள் ஈரலின் இந்தத் தயாரிப்புக்கு விறகு மாதிரி உதவும். அதனால்தான் இட்லியை நாலிலிருந்து இரண்டாக்கியும், இரண்டை மோராக்கியும், மோரையும் விட்டும் காலையில் எண் அசையவில்லை.

ஈரல் ஏன் அளவு மீறுகிறது? இன்சுலினைப் பற்றிச் சொல்லும்போது அது ஒரு சாவி, செல்களின் கதவைத் திறந்து குளுக்கோஸை உள்ளே விடும் என்று சொல்வது வழக்கம், நானும் ரொம்ப நாள் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தேன். அது பாதிதான். சாவி திறக்கவும் செய்யும், பூட்டவும் செய்யும். சாப்பிட்ட நேரத்தில் தசையின் கதவைத் திறப்பது இன்சுலினின் ஒரு வேலை. சாப்பிடாத நேரத்தில், முக்கியமாக ராத்திரியில், ஈரல் என்ற குதிரின் வாயை முக்கால்வாசி மூடி வைத்திருப்பது அதைவிடப் பெரிய வேலை. அதற்கு எதிர்ப்பக்கம் குளுக்ககான் என்று ஒரு ஹார்மோன், அதுவும் கணையத்திலிருந்துதான் வருகிறது, அது குதிரைத் திறந்துவிடும். இரண்டும் சேர்ந்து இழுத்துப் பிடித்து அளவாக வைத்திருக்கும். உங்களுக்கு நடப்பது என்னவென்றால், இன்சுலின் சுரக்கிறது, ஆனால் ஈரல் அதன் சொல்லைக் கேட்பதில்லை. பூட்டு லொடலொடத்துப் போயிருக்கிறது, அதனால் விடிய விடியக் கசிகிறது. ஈரலில் கொழுப்பு என்று ஸ்கேனில் சொன்னார்களே, அதற்கும் இதற்கும் நேரடித் தொடர்பு உண்டு. கொழுப்பு சேர்ந்த ஈரல்தான் இப்படிச் சொல்பேச்சு கேட்காது.

இதற்கு மேல் விடியற்காலை என்று ஒரு விஷயம் இருக்கிறது. தூக்கத்தில் வளர்ச்சி ஹார்மோன் சுரக்கும், மூன்று நாலு மணியிலிருந்து கார்ட்டிசால் என்ற இன்னொரு ஹார்மோன் ஏற ஆரம்பிக்கும். பொழுது விடியப்போகிறது, எழுந்து நடமாடத் தேவையான எரிபொருளை எடுத்து வை என்று உடம்பு தனக்குத்தானே செய்துகொள்கிற ஏற்பாடு அது. இந்த இரண்டும் இன்சுலினின் பிடியைத் தளர்த்துகிறவை. சர்க்கரை நோய் இல்லாதவருக்குக் கணையம் அந்த நேரத்தில் கொஞ்சம் கூடுதலாகச் சுரந்து சமாளித்துவிடும், ஒருவருக்கும் தெரியாது. நமக்கு அந்தக் கூடுதல் வருவதில்லை, அதனால் படுக்கும்போது 130 இருந்தவருக்குக் காலையில் 150 நிற்கும். உங்கள் எண்களைப் பார்த்தால் இதுதான் பெரும்பகுதிக் காரணமாக இருக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நேற்று 141, இன்று 152, என்ன தப்பு செய்தேன் என்று நீங்கள் உள்ளுக்குள் குமைவது எழுத்திலேயே தெரிகிறது. ஒரு தப்பும் இல்லை. வீட்டில் வைத்துப் பார்க்கிற மீட்டர் உண்மையான அளவிலிருந்து நூற்றுக்குப் பதினைந்து வரை முன்னே பின்னே காட்டலாம் என்று தர விதியே அனுமதிக்கிறது. 141ஐயும் 152ஐயும் ஒரே எண்ணாகத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். கையைச் சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்துவிட்டுக் குத்துங்கள், பழம் உரித்த விரலோடு குத்தினால் விரலில் இருக்கிற சர்க்கரையையும் சேர்த்துக் காட்டும். 100க்கும் 150க்கும் நடுவில் உங்கள் ரத்தத்தில் இருக்கிற வித்தியாசம் வெறும் இரண்டு கிராம். அந்த இரண்டு கிராமுக்காக மூன்று வாரம் பட்டினி கிடந்திருக்கிறீர்கள், மகனிடம் பேச்சும் வாங்கியிருக்கிறீர்கள், படிக்கும்போது எனக்கு மனசே சரியில்லை.

இப்போது அந்த மூன்று மணி வியர்வைக்கு வருவோம். ராத்திரி சர்க்கரை தாழ்ந்தால் உடம்பு பயந்துபோய் ஈரலைத் திறந்துவிட்டு, காலையில் எண்ணை ஏற்றிவிடும் என்று சோமோஜி என்பவர் சொன்னார், பாடப்புத்தகங்களில் அவர் பேரிலேயே இருக்கிறது. தொடர்ந்து அளக்கிற கருவிகள் வந்த பிறகு பார்த்ததில், அப்படி நடப்பது நினைத்த அளவுக்கு அதிகமில்லை, ராத்திரி தாழ்ந்தவர்களுக்குக் காலையிலும் பெரும்பாலும் குறைவாகவே இருக்கிறது என்று தெரிந்தது. அதனால் உங்கள் 150க்கு அதுதான் காரணம் என்று நான் அடித்துச் சொல்லமாட்டேன். ஆனால் காரணமோ இல்லையோ, தூக்கத்தில் சர்க்கரை தாழ்வது தன்னளவிலேயே ஆபத்து. காலை 150 ஒரே நாளில் யாரையும் ஒன்றும் செய்யாது, ராத்திரி 45 செய்யும்.

எனவே மூன்று ராத்திரிக்கு மட்டும் அலாரம் வைத்துக்கொள்ளுங்கள். படுக்கும்போது ஒரு தடவை, மூன்று மணிக்கு ஒரு தடவை, எழுந்தவுடன் ஒரு தடவை. நடுவில் வியர்த்து முழிப்பு வந்தால் அலாரத்துக்குக் காத்திருக்காமல் அப்போதே பாருங்கள். 70க்குக் கீழே இருந்தால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையையோ குளுக்கோஸ் பவுடரையோ தண்ணீரில் கலக்கி உடனே குடிக்க வேண்டும், பதினைந்து நிமிஷம் கழித்துத் திரும்பப் பார்க்க வேண்டும், ஏறாவிட்டால் இன்னொரு தடவை குடிக்க வேண்டும். ஏறிய பிறகு இரண்டு பிஸ்கட்டோ ஒரு இட்லியோ சாப்பிட்டுவிட்டுத்தான் படுக்க வேண்டும், கிளிமிபிரைடு பல மணி நேரம் வேலை செய்கிற மருந்து, ஏறினது மறுபடி இறங்கலாம். பாலோ சாக்லேட்டோ அந்த நேரத்துக்கு ஆகாது, அதில் இருக்கிற கொழுப்பு தாமதப்படுத்திவிடும். சர்க்கரை டப்பாவைப் படுக்கை பக்கத்திலேயே வைத்துக்கொள்ளுங்கள். ஒருவேளை நீங்கள் பேச்சுக் கொடுத்தும் பதில் சொல்லாத நிலைக்குப் போனால் வீட்டில் யாரும் வாயில் எதையும் ஊற்றக்கூடாது, உடனே 108க்கு போன் செய்ய வேண்டும். இதை மகனுக்கும் சொல்லிவையுங்கள்.

மாத்திரை விஷயத்தில் நீங்களாக எதையும் கூட்டவோ நிறுத்தவோ வேண்டாம். ஆனால் இந்த வாரமே உங்கள் டாக்டரைப் பார்த்து, ராத்திரி சாப்பிடாமல் மாத்திரை போட்டேன், வியர்க்கிறது என்று இதே வார்த்தையில் சொல்லுங்கள். நிறையப் பேர் டாக்டரிடம் போய் சுகர் குறையவில்லை என்பதை மட்டும் சொல்வார்கள், பட்டினி கிடந்ததைச் சொல்லமாட்டார்கள், அவர் மாத்திரையைக் கூட்டி எழுதிவிடுவார், அது இன்னும் மோசம். ஈரலின் கசிவைக் குறைக்கிற மருந்து உங்கள் மாத்திரையில் இருக்கிற மெட்பார்மின்தான், ராத்திரிக்கு அதை மட்டும் தனியாகவோ கொஞ்சம் கூட்டியோ கொடுத்து, கிளிமிபிரைடை ராத்திரியிலிருந்து எடுத்துவிடலாமா என்று அவர் முடிவு செய்யலாம். அதுவரை, வாந்தி, காய்ச்சல் என்று எந்தக் காரணத்தாலாவது ஒரு ராத்திரி சாப்பிட முடியாமல் போனால் அந்தச் சேர்ப்பு மாத்திரையை விழுங்கிவிடாதீர்கள், முதலில் டாக்டருக்கு போன் செய்து கேளுங்கள்.

ராத்திரி என்ன சாப்பிடுவது? உங்கள் பழைய சாப்பாட்டிலேயே பெரிய குற்றம் இல்லை. இரண்டு மூன்று இட்லி, காய் நிறையப் போட்ட சாம்பார், கூடவே ஒரு கிண்ணம் சுண்டலோ ஒரு முட்டையோ. சப்பாத்திக்கு மாறினால் சுகர் ஏறாது என்று யாராவது சொல்லியிருப்பார்கள், கோதுமையும் மாவுச்சத்துதான், எத்தனை என்பதுதான் கணக்கு. ஏழரை மணிக்குள் முடித்துவிட்டு இருபது நிமிஷம் நடந்துவிடுங்கள், தெருவில் முடியாவிட்டால் மொட்டை மாடியில், அதுவும் இல்லாவிட்டால் வீட்டுக்குள்ளேயே வாசலுக்கும் கொல்லைக்கும். நடக்கிற தசை இன்சுலினுக்குக் காத்திருக்காமல் தானாகவே குளுக்கோஸை இழுத்துக்கொள்ளும், மருந்தில்லாமல் நமக்குக் கிடைத்திருக்கிற ஒரே குறுக்குவழி இதுதான், தொடைத்தசை பெரிய தசை என்பதால் நடைக்கு அவ்வளவு மதிப்பு.

ஈரல் கொழுப்பைப் பற்றி ஒன்று. குறைத்துச் சாப்பிடுவதே தப்பு என்று நான் சொன்னதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். இங்கிலாந்தில் நியூகாசில் பல்கலைக்கழகத்தில் ராய் டெய்லர் குழு 2011இல் வெளியிட்ட ஆய்வில், 11 பேருக்கு எட்டு வாரம் நாளொன்றுக்கு 600 கலோரி அளவில்தான் உணவு. முதல் வாரத்திலேயே அவர்களின் வெறும் வயிற்றுச் சர்க்கரை சரியான அளவுக்கு வந்துவிட்டது, அதே வாரத்தில் ஈரல் கொழுப்பு கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு இறங்கியிருந்தது. பூட்டு மறுபடி இறுகும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது. ஆனால் அங்கே மாத்திரைகளை நிறுத்திவிட்டு, மருத்துவர்கள் கூடவே இருந்து செய்தார்கள். நீங்கள் செய்தது மாத்திரையை முழுசாகப் போட்டுக்கொண்டு, யாருக்கும் சொல்லாமல், ஒரு வேளையை மட்டும் அறுத்தெறிந்தது. உங்களுக்கு எடையில் நாலைந்து கிலோ குறைந்தாலே ஈரலுக்கு நல்லது, அதை மதியச் சோற்றில் ஒரு கரண்டி, சாயங்கால மிக்சர், இரண்டாவது காபியின் சர்க்கரை என்று பகலில் பிடித்து ஆறு மாதத்தில் குறையுங்கள்.

இனி இந்தக் கடிதத்தை மகன் கையில் கொடுங்கள். தம்பி, நான் பயிற்சி மருத்துவராக இருந்தபோது, ஒரு வார்டில் பட்டினியாக இருக்க வேண்டிய ஒரு பாட்டிக்குக் காலையில் 190 காட்டியதும், "ராத்திரி யாரு சாப்பாடு கொண்டுவந்து கொடுத்தது?" என்று எல்லார் முன்னாலும் கேட்டேன். அந்தப் பாட்டி ஒன்றும் சொல்லவில்லை, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். படித்தது எனக்கு ஞாபகம் வருவதற்குள் கேள்வி வாயிலிருந்து வந்துவிட்டது, இன்று வரைக்கும் அது மனதில் கிடக்கிறது. உங்கள் அம்மா எதையும் ஒளித்துத் தின்னவில்லை. நீங்கள் அக்கறையில்தான் கேட்டீர்கள் என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அந்த மூன்று ராத்திரியும் மூன்று மணி அலாரத்துக்கு அவரோடு சேர்ந்து நீங்களும் எழுந்திருங்கள், ஸ்ட்ரிப்பை நீங்களே போட்டுப் பாருங்கள், மொத்தம் ஒன்பது எண்களையும் ஒரு தாளில் தேதி போட்டு எழுதி, பக்கத்தில் அன்று ராத்திரி அவர் என்ன சாப்பிட்டார், எத்தனை மணிக்கு என்பதையும் குறித்து, டாக்டரிடம் போகும்போது மருந்துச் சீட்டோடு எடுத்துக்கொண்டு நீங்களும் கூடப் போய்வாருங்கள்.